இஹ்ராமுக்கு முன் வாங்கிய மூக்குமுடி ட்ரிமர்

பாடசாலை விவாதக் கழகத்தின் தம்பி தங்கையருக்கு,

மேடையில் முழங்கப் பழகியவனுக்கு மின்சாரச் சாமான் கடையில் என்ன வேலை என்று சென்ற கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார். கேள்வி கூர்மையானது, கேட்ட தோரணையும் எனக்குப் பிடித்திருந்தது. அன்று தலைவர் மணியை அடித்துவிட்டதால் பதில் பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

கல்முனைக் கடைத்தெருவில் நான் விற்பனையாளனாக இருக்கும் கடையில் மின்விசிறி, டோர்ச் லைட், அயன் பொக்ஸ், சவர மெசின் எல்லாம் உண்டு. அவற்றுள் என் சான்றாக நான் எடுத்துக்கொள்வது ஒரு விரல் பருமனேயுள்ள மூக்குமுடி ட்ரிமரை. சிரிக்க விரும்புவோர் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். சிரித்து முடிந்தபின் தொடர்ந்து வாசியுங்கள்.

1. டோர்ச் லைட் வாங்காதவர்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் வந்தார். டோர்ச் ஒன்றை எடுத்து எரித்தார், அணைத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். மாகாண மட்டத்தில் மேடை கண்டவன் சும்மா இருப்பேனா? வெளிச்சத்தின் தூரம், கண்ணாடியின் தரம், மழைக்கு ஈடுகொடுக்கும் உறுதி என்று அந்த டோர்ச்சுக்காக வாதாடத் தொடங்கினேன்.

கல்லாவில் இருந்த றவூப் முதலாளி மெல்லச் சொன்னார்: "தம்பி, பேச்சு நல்லா இரிக்கி. ஆனா வந்த மனிசன் இன்னும் வாயத் தொறக்கல்லயே."

நான் பேச்சை நிறுத்தினேன். எதிரணி எதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போகிறதோ, அங்கேதான் அதன் உண்மையான கவலை இருக்கிறது என்பது நாம் கழகத்தில் படித்த பாடம். அந்தக் கண்ணோடு அவரைப் பார்த்தேன். கையில் டோர்ச் இருந்தது; பார்வை அடுத்திருந்த கண்ணாடித் தட்டில் இருந்தது. ஆட்காட்டி விரல் மூக்கின் கீழ் அடிக்கடி உரசிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டிலிருந்து இரண்டு ட்ரிமர்களை எடுத்து, பெயர் சொல்லாமல் அவர் முன் வைத்துவிட்டு, மின்விசிறி ஒன்றைத் துடைக்கப் போனேன்.

"இதுல எது தம்பி நோகாது?" என்று பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவர் வாங்கிக்கொண்டு போனபின் முதலாளி என்னை அழைத்தார். "அத டோர்ச்சுக்குப் பக்கத்துல ஏன் வெச்சிரிக்கன் எண்டு இப்ப வெளங்குதா? வெக்கப்படுறவனுக்கு, கையில புடிச்சிக்கிட்டு நிக்க ஒரு சாமான் வேணும்."

பல மேடைகளில் பல பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். மனித மனத்தை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய பேச்சு ஒன்றை நான் கேட்டதில்லை.

2. கருவியின் பெருமை

மூக்குமுடியைக் குறைக்க நம்மவரிடம் பல வழிகள் உண்டு. விரலால் பிடுங்குவது முதல் வழி. கண்ணில் நீர் வரும். சிலருக்கு வேர் புண்ணாகிக் கட்டி வரும். சிறு கத்தரிக்கோல் இரண்டாவது. முனை மழுங்கியதாக இருந்தாலும் கண்ணாடியும் வெளிச்சமும் நடுங்காத கையும் வேண்டும். மூன்றாவது நமது ட்ரிமர். அதன் அலகு ஓர் உறைக்குள் சுழல்கிறது. உறையில் உள்ள மெல்லிய பிளவுக்குள் முடி நுழையலாம், தோல் நுழையாது. எவ்வளவு எளிய யோசனை பாருங்கள். கூர்மையையும் பாதுகாப்பையும் ஒரே இடத்தில் குடியமர்த்தியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. தலைப்பகுதி கழன்று கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். அலகு துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். நமது கடற்காற்று இரும்புக்கு இரக்கம் காட்டுவதில்லை. மோட்டருக்கு வலு வேண்டும். வலுக் குறைந்த மோட்டர் முடியை வெட்டாது, கவ்வி இழுக்கும். இழுபட்டவர் அந்தக் கடைக்கு மறுபடி வரமாட்டார். இன்னுமொன்று: ஒருமுறை மூக்குக்குள் போன சாமானை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. ஆகவே தெரிவு கடையிலேயே சரியாக நடந்தாக வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாள் மாதத்தின் பிறை தென்படும் நாளன்று எங்கள் கடையைப் பார்க்க வேண்டும். குர்பான் என்னும் பலி கொடுக்கிறவர்கள் பிறை கண்டதிலிருந்து ஆடு மாட்டை அறுக்கும்வரை முடியும் நகமும் வெட்டுவதில்லை. அதனால் அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் ஊரின் அரைவாசி ஆண்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் டோர்ச்சைத்தான் முதலில் எடுப்பார்கள்.

3. வெட்கப்படாதவர் ஒருவர் வந்தார்

அப்படியான நாளல்லாத ஒரு சாதாரண நாளின் அஸருக்குப் பின்தான் உதுமாலெப்பை மோதினார் கடைக்கு வந்தார். மோதினார் என்றால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பவர். கூடவே அவருடைய மனைவி ஜெஸீமா ராத்தா. ராத்தா என்றால் எங்கள் ஊரில் அக்கா.

குரலைத் தொழிலாகக் கொண்டவர் என்பதால் அவர்மீது எனக்கு முன்பிருந்தே மதிப்பு உண்டு. ஒலிபெருக்கி பழுதான நாளிலும் அவருடைய பாங்கு கடற்கரை வரை கேட்கும். அந்தக் குரலில்தான், கடை நிறைய ஆட்கள் நிற்க, அவர் கேட்டார்:

"தம்பி, மூக்கு முடி வெட்டுற மெசின் ஒண்டு காட்டுங்க."

டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், கடற்கரையில் மீன் கொட்டகையான வாடி வைத்திருப்பவர், சும்மா இருக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"என்ன மோதினார், இனி மூக்கால பாங்கு சொல்லப் போறீங்களா?"

"நான் விடியச் சுபஹுக்கு வாயாலதான் பாங்கு சொல்லுறன். நீங்க படுத்த பாயில கிடந்து மூக்கால பதில் சொல்லுறதுதான் ஊருக்கே கேக்குது."

கடை சிரித்தது. குறட்டைக்காரரும் சேர்ந்து சிரித்தார். மேடையில் இப்படியொரு மறுமொழி கிடைக்க நான் ஒரு பருவம் முழுவதும் பயிற்சி எடுத்திருப்பேன்.

"சிரிச்சது காணும்," என்றார் ஜெஸீமா ராத்தா. "இண்டைக்கு இஷாவுக்குப் பொறகு வான் வருகிது தம்பி. காட்டுறதக் கெதியாக் காட்டுங்க."

அவர்கள் இருவரும் அன்றிரவு உம்றா யாத்திரைக்குப் புறப்படுகிறார்கள். கட்டுநாயக்கவில் விமானம் ஏறி மக்காவுக்கு. முதல் பயணம். உம்றாவுக்குப் போகிறவர் வழியில் இஹ்ராம் என்னும் நிலைக்குள் நுழைகிறார். ஆண்கள் தைக்காத வெள்ளைத் துணி இரண்டைத்தான் உடுத்துவார்கள். கடமை முடியும்வரை உடலிலிருந்து ஒரு முடியைக்கூட வெட்டவோ பிடுங்கவோ கூடாது. மோதினாரின் சங்கடம் அங்கேதான் இருந்தது.

"யோசிச்சாப் புடுங்குவார்," என்று ராத்தா தொடங்கினார். "கோவம் வந்தாப் புடுங்குவார். பயந்தாப் புடுங்குவார். சும்மா இரிந்தாலும் புடுங்குவார். கலியாணம் முடிச்ச நாளயில இரிந்து இந்தக் கையத் தட்டித் தட்டி என்ட கைதான் நோகுது."

"நான் அனுப்புறல்ல தம்பி. அது தானாப் போகுது," என்றார் மோதினார்.

"புடுங்கினால் அதற்குப் பரிகாரம் இருக்கிறதல்லவா?" என்று நான் கேட்டேன்.

"ஓம், இரிக்கி. குடுக்கலாம். அதுக்கில்ல என்ட கவல." அவருடைய குரல் அப்போதுதான் முதன்முறையாகத் தாழ்ந்தது. "இத்தின வருசமா 'தொழ வாங்க' எண்டு ஊரக் கூப்பிட்டவன் நான். இப்ப அல்லாஹ் என்னக் கூப்பிட்டிரிக்கான். மூக்கப் புடுங்கிக்கிட்டா அவன்ட வீட்டுக்குப் போறது?"

ஊர் மறைத்துக் கேட்கும் பொருளை உரத்துக் கேட்டவர், மற்றவர்கள் உரத்துச் சொல்லிப் பெருமைப்படும் பயணத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த மனிதர்மீது எனக்கிருந்த மதிப்பு அந்த நொடியில் இரட்டித்தது.

4. நகத்தின் தீர்ப்பு

நான் முதலில் எடுத்துக் காட்டியது எங்களிடம் இருந்தவற்றுள் சிறந்ததை. சார்ஜ் ஏற்றுவது, தாடிக்கு, மீசைக்கு, காதுக்கு, மூக்குக்கு என்று தலைகள் மாற்றக்கூடியது. மோதினார் அதைக் கையில் வாங்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"வேரோட போயிடுமா?"

"போகாது. எந்த ட்ரிமரும் வேரோடு எடுக்காது. எடுக்கவும் கூடாது, தூசியைத் தடுப்பது அந்த முடிதான்."

"அப்ப மிச்சம் நிக்கிறத இந்தக் கை கண்டு புடிச்சிருமே."

"அது விரல் இல்ல தம்பி, நண்டுக் கால்," என்றார் ராத்தா. "புடிச்சா உடாது."

அன்பு இளையோரே, விவாதத்தில் சொற்பொருளை முதலில் வரையறுக்கச் சொல்வார்களே, அது ஏன் என்று எனக்கு அன்று நன்றாக விளங்கியது. நான் இதுவரை விற்றுவந்தது முடி வெட்டும் கருவியை. இவர் வாங்க வந்ததோ வேறு ஒன்றை: நகத்துக்குப் பிடிபடாத மூக்கை. எவ்வளவு அழகாக வெட்டுகிறது என்பது இங்கே வழக்கல்ல. வெட்டியபின் நிற்கும் கட்டை, இரண்டு நகங்களுக்கிடையில் அகப்படுமா அகப்படாதா என்பதே வழக்கு.

அதை எப்படிச் சோதிப்பது? மூக்கில் வைத்துப் பார்க்க முடியாது. சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறந்த பிள்ளைகளுக்கான சாமான் பெட்டி ஒன்று மூடி உடைந்து விலைப்படாமல் கிடந்தது. அதற்குள் பிள்ளையின் தலைவாரும் பிரஸ் ஒன்று, மூக்குமுடியைப் போலவே மென்மையான தும்புகளோடு. அதை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். விலை கூடிய மெசினை ஓரத்தில் வைத்து அடிவரை ஓட்டினேன். பிரஸை மோதினாரிடம் நீட்டினேன்.

"உங்கள் நகமே தீர்ப்புச் சொல்லட்டும்."

அவர் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் கொண்டுபோனார். பல்லாண்டுப் பழக்கமுள்ள விரல்கள், தடுமாறவேயில்லை. தும்பொன்று கையோடு வந்தது.

"புடிபடுது," என்றார் வருத்தத்தோடு.

மெசின் மோசமானதல்ல. தாடிக்கும் ஏற்றதாக அதன் உறையைச் சற்றுத் தடிப்பாகச் செய்திருக்கிறார்கள்; உறையின் தடிப்பளவுக்குக் கட்டை மிஞ்சுகிறது. அடுத்து, காட்சிக்கு வைத்திருந்த சாதாரண ட்ரிமரை எடுத்தேன். ஒரே ஒரு பெட்டரியில் ஓடுவது. மூக்குக்கும் காதுக்கும் தவிர எதற்கும் உதவாதது. அதன் உறை கடதாசி போல மெல்லியது. பிரஸின் மறு ஓரத்தில் ஓட்டினேன்.

மோதினாரின் நகங்கள் போயின. வழுக்கின. மறுபடி போயின.

"புடிபடல்ல."

"மத்தக் கையால புடிச்சிப் பாருங்க," என்றார் ராத்தா.

"அதுக்கும் படல்ல."

"கள்ளமா மெல்லப் புடிக்காதங்க. வீட்டுல புடுங்குற மாதிரிப் புடுங்குங்க."

"ஓம்கா, அப்பிடித்தான் புடுங்குறன். வருகுதில்ல."

மீன் வாடிக்காரர் டோர்ச்சை வைத்துவிட்டு முன்னே வந்தார். "கொண்டாங்க, நானும் ஒருக்காப் பாப்பம்." அவருக்கும் பிடிபடவில்லை. பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக விரலை நீட்டினார்கள். கூச்சத்தால் யாரும் பெயர் சொல்லிக் கேளாத ஒரு சாமானைச் சுற்றி, வளர்ந்த ஆண்கள் ஒரு பிள்ளையின் பிரஸைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் காட்சியை நான் எந்தப் பட்டிமன்ற வெற்றிக்கும் மாற்றித் தரமாட்டேன்.

5. பெட்டிக்குள் இருந்த பெட்டரி

காட்சிக்கு வைத்ததை விற்பதில்லை. அதே மாதிரியில் புதிய பெட்டியொன்றை உடைத்து, உள்ளேயிருந்த பெட்டரியைப் போட்டு, பிரஸில் வைத்தேன். சத்தம் ஒரு மாதிரியாக இருந்தது. தும்பொன்று அலகில் மாட்டிக்கொண்டது, மெசின் அதை வெட்டாமல் இழுத்தது, பிறகு நின்றேவிட்டது.

மோதினாரின் முகம் மாறியது. கை மேலே போனது. ராத்தா அதைத் தட்டிவிட்டார்.

"இஞ்ச பாருங்க, இன்னும் வாங்கவேயில்ல. அதுக்குள்ள போகுது."

"இதுதான் மூக்குக்குள்ள நடக்கும் எண்டா என்ன செய்யிறது தம்பி? வானும் வரப்போகுது. இதப் பாவிக்கிறதுக்கு முந்தியே நானே எல்லாத்தையும் புடுங்கிப் போட்டிருவன் போலிரிக்கி."

"இஹ்ராமுக்கு முந்திப் புடுங்கினாக் குத்தமில்லதானே," என்றார் வாடிக்காரர், உதவுவதாக நினைத்து.

"நீங்க சும்மா இரிங்க," என்றார் ராத்தா. "போன நோன்புல அப்பிடிப் புடுங்கித்தான் கட்டி வந்து மூக்கு வீங்கிக் கிடந்தார். பாங்கையே வேற ஆள்தான் சொன்ன."

வேறு மாதிரி விற்கலாம். ஆனால் வேறெதுவும் அந்த நகத்துக்குத் தப்பாது. காட்சிக்கு வைத்ததைக் கொடுக்கலாம். ஆனால் அது எத்தனை பேர் கைப்பட்டதோ. மெசினை மறுபடி கையில் எடுத்தேன். அலகை விரலால் மெல்லச் சுழற்றினேன், தடையில்லாமல் சுழன்றது. அலகிலும் குறையில்லை, உறையிலும் குறையில்லை. அப்படியானால் குற்றவாளி மிச்சமிருக்கும் ஒருவன்தான்.

பெட்டியோடு வந்த பெட்டரியைக் கழற்றினேன். இலவசமாக வரும் பெட்டரி தொழிற்சாலையிலிருந்து கப்பல் ஏறி, களஞ்சியத்தில் கிடந்து, நம் கரையின் ஈரக்காற்றையும் குடித்து, இளைத்துப்போய்த்தான் நம்மிடம் வருகிறது. அதற்குப் பதிலாகப் புதிய அல்கலைன் பெட்டரி ஒன்றைப் போட்டு ஆளியைத் தள்ளினேன். சத்தம் உடனே மெலிந்து, ஒரே சுருதியில் நின்றது. பிரஸில் வைத்தேன். தும்புகள் மேசையில் பொலபொலவென்று விழுந்தன.

மோதினார் கண்ணை மூடிக்கொண்டு விரலைக் கொண்டுபோனார். நகம் வழுக்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து, இன்னொரு புதிய பெட்டரியைப் பொதியில் போட்டார். "இது என்ட பங்கு. எனக்கும் அல்லாஹ்கிட்டத் துஆக் கேளுங்க."

பாவிக்கும் முறையை நான் சொன்னேன். முதலில் மூக்கைச் சுத்தமாகச் சிந்திக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தில் உட்கார்ந்து, வாசலில் உள்ளதை மட்டும், வட்டமாக, அழுத்தாமல். ஆழமாகப் போகக்கூடாது. முடிந்தபின் தலையைக் கழற்றிக் கழுவி, ஈரம் உலர்த்தி மூட வேண்டும். இதெல்லாம் இஹ்ராமுக்கான குளிப்புக்கு முன்.

"கண்ணாடிய நான் புடிக்கிறன்," என்றார் ராத்தா. "மெசினயும் நானே புடிச்சா நல்லம். இவர்ட கையில குடுத்தா அது எங்க போகும் எண்டு சொல்ல ஏலா."

அவர்கள் போய்ச் சற்று நேரத்தில், பொழுது சாய, மஃரிப் பாங்கு கேட்டது. இஷாப் பாங்கை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்ததால், பயணத்துக்கு முன் அவர் சொன்ன கடைசிப் பாங்கு அது. கடைத்தெருவின் ஒலிகளுக்கு மேலாக அந்தக் குரல் எழுந்து, நின்று, இறங்கியது. வார்த்தையை நீட்டுவதில் ஓர் அவசரமுமில்லை, ஒரு தயக்கமுமில்லை. வான் வாசலுக்கு வரவிருக்கும் மனிதரின் குரலாக அது இல்லை. மூச்சை எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்று நாம் மாதக்கணக்கில் பழகும் கலையை அவர் ஒரு கடமையாகச் செய்துகொண்டிருந்தார்.

6. மோதினார் திரும்பி வந்தபின்

அவர் இல்லாத நாட்களில் வேறொருவர் பாங்கு சொன்னார். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்களின் நினைப்புத்தான். பிரஸின் தும்பும் மூக்கின் முடியும் ஒன்றல்லவே. என் சோதனை கடையில் வென்றது, பயணத்தில் வென்றதா?

ஒரு காலையில் இருவரும் கடைக்கு வந்தார்கள். உம்றா முடித்தோர் வழக்கப்படி மோதினாரின் தலை முழுவதும் வழித்திருந்தது. ராத்தா பேரீச்சம்பழமும் மக்காவின் ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீரும் மேசையில் வைத்தார். மோதினார் தானே தொடங்கினார்.

"தம்பி, பிளேன்ல கை போச்சி."

நான் அவருடைய விரல்களைப் பார்த்தேன்.

"இஹ்ராம் உடுத்து, நிய்யத்தும் வெச்சாச்சி, இனி ஒரு முடியும் புடுங்க ஏலா. கீழ பாத்தாக் கடல். பிளேன் ஒரு ஆட்டம் ஆடிச்சி. பயம் புடிச்சாக் கை எங்க போகும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. போச்சி. தேடிச்சி. ஒண்டும் புடிபடல்ல. திரும்பயும் தேடிச்சி. அதுக்கும் இல்ல. கொஞ்ச நேரம் மூக்குக்குக் கீழயே நிண்டிச்சி, வேல போன ஆள் மாதிரி."

அவர் தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு அதப் பாக்கப் பாவமாப் போச்சி. கீழ உட மனம் வரல்ல. தூக்கினது தூக்கினதுதானே எண்டு மத்தக் கையயும் சேத்து ஏந்திட்டன். அப்பிடியே துஆக் கேட்டுக்கிட்டுப் போனன். எறங்குமட்டும் கைய எறக்கவேயில்ல."

"பொய் சொல்லாதங்க," என்றார் ராத்தா. "சாப்பாடு வந்தோன எறக்கினீங்க."

"ஓம், அதுக்கு மட்டும்."

அன்று நான் கற்றது இதுதான். பொருளின் குணங்களை அடுக்கிச் சொல்வது பேச்சில் ஒரு பாதி. வந்தவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்டு, அந்த அச்சத்தின் அளவுக்கே பொருளைத் தேடுவது மறுபாதி. இரண்டாவது பாதியை எனக்குத் தந்தவர் தன் அச்சத்தை ஒரு கடை நிறைய ஆட்களுக்கு முன் மறைக்காமல் சொன்ன மோதினார். அதற்காக அவரை நான் எந்த மேடையிலும் எழுந்து நின்று பாராட்டுவேன். சாப்பாட்டுக்கு இறங்கிய கைகள்தாம் அவை. ஆனாலும் கடலுக்கு மேலே அவை உயர்ந்து நின்றதில் எங்கள் கடைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.